எண்கள் மட்டும்: நிரல் உதவியாளருக்குத் தனிக்கணக்கு வைத்த ஓராண்டு

கிளாட் கோட் என்னும், நிரல் எழுத உதவும் ஏஐ உதவியாளரை ஏபிஐ வழியாக, அதாவது பயன்படுத்தும் அளவுக்குக் கட்டணம் செலுத்தி, ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு ஆகும் செலவையும் அதனால் கிடைக்கும் பலனையும் என் கணினிக்குள்ளேயே கணக்கு வைக்க வேண்டும் என்ற எண்ணம், 2025 ஜூலையில், ஏஐ மாடல்களை மதிப்பிடும் எம்.இ.டி.ஆர். என்ற அமைப்பு வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது வந்தது. அதில் பங்கேற்ற அனுபவமுள்ள 16 திறமூல (ஓப்பன் சோர்ஸ்) நிரலாளர்கள், ஏஐ கருவிகளால் தங்கள் வேலை 20 சதவீதம் விரைவாக முடிந்ததாக நம்பினார்கள். அளந்து பார்த்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆகியிருந்தது. அவர்களுடைய கணிப்பே அப்படியென்றால், என் நினைப்பை நம்பி எதையும் சொல்வதற்கில்லை.

இந்த உதவியாளர் ஒவ்வொரு உரையாடலையும் பயனரின் கணினியில், மறைவான ஒரு கோப்புறைக்குள், ஜேசான் என்ற தரவு வடிவில், வரிக்கு ஒரு பதிவாக எழுதிவைக்கிறது. மறுமொழிக்கான வரிகளில் உள்ளீடு, வெளியீடு, கேச்சில் எழுதியது, கேச்சிலிருந்து படித்தது என நான்கு டோக்கன் எண்ணிக்கைகள் இருக்கும். டோக்கன் என்பது மாடல் உரையைப் பிரித்து எண்ணும் சிறு துண்டு; கேச் என்பது ஏற்கெனவே அனுப்பிய உரையை மீண்டும் பயன்படுத்தத் தற்காலிகமாக வைக்கும் சேமிப்பு. இவற்றைக் கூட்டிக் காட்ட சிசியூசேஜ் என்ற திறமூலக் கருவி உண்டு. மொத்தச் செலவு மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு அதுவே தாராளம். எனக்கோ எந்த வேலைக்குச் செலவானது, வந்த நிரல் கடைசியில் நிலைத்ததா என்பதும் வேண்டியிருந்ததால், சிறிய பைதான் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி எண்களை எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் சேர்க்கத் தொடங்கினேன்.

முதல் வாரக் கூட்டுத்தொகை, வந்த கட்டணத்தைவிட எங்கோ உயரத்தில் நின்றது. ஒரே மறுமொழி, உரை, கருவி அழைப்பு எனத் துண்டுகளாகப் பல வரிகளில் பதிவாவதையும், ஒவ்வொரு வரியிலும் டோக்கன் எண்ணிக்கை திரும்ப வருவதையும் கவனிக்காமல் எல்லாவற்றையும் கூட்டியிருக்கிறேன். செய்தி அடையாள எண்ணைக் கொண்டு இரட்டிப்புகளை நீக்கிய பிறகே கணக்கு நேரானது. பதிவுகள் இயல்பாக 30 நாளில் அழிந்துவிடும் என்பதையும் உதவியாளரின் அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தைப் படிக்காததால் தாமதமாகத்தான் அறிந்தேன். முதல் மாதத்தில் பாதி போயிற்று.

அந்தப் பதிவுகளை முழுதாக மேகச் சேமிப்புக்கு நகலெடுக்க நினைத்து, அதற்குமுன் ஒரு கோப்பைத் திறந்து பார்த்தது நல்லதாயிற்று. உதவியாளர் படித்த ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கமும் அங்கே அப்படியே இருந்தது. ஒரு சோதனைத் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் வெறும் எழுத்தாக நடுவில் கிடந்தது. நான் கேட்ட அசட்டுக் கேள்விகள் கிடந்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அன்றிலிருந்து தேதி, திட்டத்துக்கு நான் வைத்த புனைபெயர், மாடலின் பெயர், நான்கு எண்கள் ஆகியவை தவிர வேறெதையும் ஸ்கிரிப்ட் தொடுவதில்லை.

சேர்ந்த எண்களில் நான் எதிர்பாராதது கேச்தான். செலவு கேள்விகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றிருந்தேன். உண்மையில் அது உரையாடலின் நீளத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் முந்தைய பேச்சு முழுவதும் மீண்டும் அனுப்பப்படுகிறது. கேச்சிலிருந்து படிப்பதற்கு உள்ளீட்டு விலையில் பத்தில் ஒரு பங்கு. 5 நிமிட ஆயுளுள்ள கேச்சில் எழுதுவதற்கு 1.25 மடங்கு. ஆகவே 1,00,000 டோக்கன் நீண்டுவிட்ட உரையாடலில் "சரி, தொடர்க" என்று உடனே எழுதினால் 10,000 டோக்கனுக்கான விலை; சற்று எழுந்து நடந்துவிட்டு, கேச் காலாவதியான பின் அதையே எழுதினால் 1,25,000 டோக்கனுக்கான விலை. என் அட்டவணையில் துருத்திக்கொண்டு நின்ற வரிசைகளில் பல, நான் இடைவேளை முடிந்து திரும்பிய வேளைகளே. இப்போது ஒரு வேலை முடிந்ததும் உரையாடலைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறேன்.

எண்களால் சொல்ல முடியாததற்காகக் அட்டவணையில் கையால் நிரப்பும் நெடுவரிசை ஒன்றும் உண்டு: நிலைத்தது, திருத்தினேன், வீண் என்று மூன்றில் ஒன்றை நாள் முடிவில் குறிப்பேன். சோதனை நிரல்களும் பெயர் மாற்றங்களும் பெரும்பாலும் நிலைத்தன. பழைய நிரலில் ஒளிந்திருந்த பிழைகளைத் தேடவிட்டபோதுதான் 'வீண்' குவிந்தது. அறிக்கையில் தேதி ஒருநாள் பின்தங்கிய பிழைக்காக, அது மூன்று கோப்புகளில் தேதி மாற்றங்களைத் திருத்தி எழுதியது. எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டு நானே தேடியபோது, ஒரே ஒரு செயற்கூறு நேர மண்டலக் குறிப்பை உதிர்த்துவிட்டிருந்தது தெரிந்தது. அப்படிப்பட்ட பிழைகளை இப்போது முதலில் நானே பார்க்கிறேன்.

அணியில் ஒருவர் இந்த அட்டவணையைப் பகிர முடியுமா என்று கேட்டார். ஸ்கிரிப்டைக் கொடுத்தேன், தரவைக் கொடுக்கவில்லை. மேலாளர் கண்ணில் படும் என்று தெரிந்திருந்தால், அந்தத் தேதிப் பிழைக்கு நேரே 'திருத்தினேன்' என்றுதான் எழுதியிருப்பேன்.