கேனன் 80டி: ஏஇபி வசதி எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

செட்டிநாட்டு வீட்டின் வளவில் நின்றபடி முற்றத்தைப் படமெடுப்பது எந்தக் கேமராவுக்கும் சோதனைதான். வெயில் விழும் தரைக்கு அளந்தால் தூண்கள் கரியாகிவிடும். தூணின் கடைசல் வேலைப்பாட்டுக்கு அளந்தால் முற்றம் வெள்ளையாக வெளுத்துவிடும். ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் (ஒளி அளவில்) அடுத்தடுத்து எடுக்கும் ஏஇபி, அதாவது ஆட்டோ எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங், இதற்காகவே இருக்கிறது; அந்தப் படங்களைப் பிறகு இணைத்து ஒன்றாக்கலாம். 2016இல் வந்த 80டியில் 2, 3, 5 அல்லது 7 படங்கள் எடுக்கலாம். வசதி தாராளமானது. கேனன் அதை வைத்திருக்கும் இடம்தான் சரியில்லை.

இதற்கென்று தனிப் பொத்தான் கிடையாது. போட்டிக் கேமராவான நிக்கான் டி7200இல் பிகேடி என்று ஒரு பொத்தானே உண்டு. இங்கே கியூ பொத்தானை அழுத்தி, எக்ஸ்போஷர் அளவுகோலுக்குப் போய், செட் அழுத்த வேண்டும். பிறகு மேலே உள்ள முதன்மை டயலைத் திருப்பினால் அளவுகோலில் கோடுகள் இரு பக்கமும் விரியும், அதுதான் படங்களுக்கிடையிலான எக்ஸ்போஷர் இடைவெளி. படங்களின் எண்ணிக்கையோ கஸ்டம் ஃபங்ஷன் என்ற மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கே ஒரே தடவையில் மூன்றையும் மாற்றிவிடுங்கள்: எண்ணிக்கை 3, வரிசை மைனஸ் (இருண்டது), பூஜ்யம் (நடு), பிளஸ் (வெளிச்சமானது), ஆட்டோ கேன்சல் ஆஃப். கேன்சலை அப்படியே விட்டால் கேமராவை அணைத்ததும் ஏஇபி போய்விடும். ஆஃப் செய்தாலோ, மறந்துபோய் மறுநாள் எடுக்கும் படங்களிலும் தொடரும். இதற்குச் சரியான வழி, எல்லாவற்றையும் மோட் டயலின் சி1இல் பதிந்துவைப்பது. டயலைச் சி1க்குத் திருப்பினால் பிராக்கெட்டிங், விலக்கினால் சாதாரணப் படம். இந்த ஒரு ஏற்பாட்டுக்குப் பிறகு 80டி வேறு கேமராவாகத் தெரியும்.

சி1இல் பதிய வேண்டியவை: ஏவி மோட் (அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் திறப்பை, நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்வது), எஃப்/8 அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ 100 (ஒளி உணர்திறன்), ரா (கேமரா பதப்படுத்தாத கோப்பு), 2 நொடி டைமர். டைமரில் ஒரே அழுத்தில் மூன்று படமும் விழும். சிங்கிள் ஷாட்டில் மூன்று முறை அழுத்த வேண்டும். எண்ணிக்கை தப்பினால் அடுத்த காட்சியின் முதல் படம் பழைய தொகுப்பின் மூன்றாவதாகிவிடும். ஏவி மோட் ஏனென்றால், அதில் ஷட்டர் வேகம் மட்டுமே மாறும். ஷட்டர் வேகத்தை நாம் வைக்கும் டிவி மோடில் அப்பர்ச்சர் மாறுவதால் படத்துக்குப் படம் ஃபோகஸ் ஆழம் மாறி, இணைக்கும்போது விளிம்புகள் ஒட்டாது. ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசரையும் நிறுத்துங்கள்; ஜேபெக்கில் அது இருண்ட படத்தைத் தூக்கிவிட்டு பிராக்கெட்டிங்கையே வீணாக்கும். ட்ரைபாடில் வைத்தபின் ஒருமுறை ஃபோகஸ் செய்து, லென்ஸை எம்எஃப்புக்கு (கையால் ஃபோகஸ்) மாற்றி, ஸ்டெபிலைசரையும் அணைத்துவிடுங்கள்.

நடுப் படம் 1/30 நொடி என்றால், 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பாக்கும் அல்லது பாதியாக்கும் படி) இடைவெளியில் மற்றவை 1/125, 1/8. வளவு முற்றத்துக்கு இது பெரும்பாலும் போதும். 1 ஸ்டாப்பில் 7 படம் எடுத்தால் மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை கிடைக்கும், அதற்கேற்ப கார்டும் நிறையும். ஜன்னல் வழியே நேர்வெயில் தெரியும் அறைகளுக்கு மட்டும் அது தேவை.

பலர் கவனிக்காத ஒரு சிக்கல் டியூப்லைட். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய டியூப்லைட்டும் மட்டமான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். 1/8 படத்தில் அது தெரியாது. 1/125 படத்திலோ சுவர் ஒரு பக்கம் பழுப்பேறியும் பட்டையாகவும் விழும். இணைத்த பிறகு அந்தக் கறையை நீக்குவது பெரும்பாடு. 80டியில் இந்த மினுக்கத்துக்கேற்ப படமெடுக்கும் ஆன்டி ஃப்ளிக்கர் இருக்கிறது, வியூஃபைண்டர் வழியே எடுக்கும்போது ஆன் செய்யுங்கள். விளக்கையே அணைத்துவிட முடிந்தால் இன்னும் நல்லது.

கேமராவிலேயே படங்களை இணைத்துவிடும் எச்டிஆர் மோடை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அது ஜேபெக் மட்டுமே தரும், பிறகு திருத்த இடமில்லை. மூன்று ரா கோப்புகளை லைட்ரூம் மென்பொருளில் இணைப்பதே மேல். திரைச்சீலையோ துளசிச்செடியோ ஆடியிருந்தால் அசைவால் வரும் இரட்டை உருவை நீக்கும் டீகோஸ்ட் அளவைக் குறைவில் தொடங்குங்கள். அதிகம் வைத்தால் அந்த இடத்தில் ஒரே படத்தை எடுத்துக்கொண்டு இரைச்சல் புள்ளிகளைக் காட்டிவிடும்.

படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் இரு ஓரத்திலும் முட்டாமல் அடங்கினால் ஏஇபி வேண்டாம். ஐஎஸ்ஓ 100 ரா ஒன்றே போதும், நிழலை 2 ஸ்டாப் உயர்த்தினாலும் 80டி தாங்கும்.