மெல்பர்னா, சான் டியேகோவா? தடுப்பு ஜெல் பங்குகளைப் பக்கத்தில் வைத்து ஓர் அலசல்

ஊசி இல்லாத சிரிஞ்ச் போல ஒரு பிளாஸ்டிக் குழாய். உள்ளே நாலைந்து கிராம் ஜெல். உடலுறவுக்கு முன் பெண் தானே அதை உள்ளே செலுத்திக்கொள்ள வேண்டும். ஆணுறை போடச் சொல்லிக் கணவனிடம் வாய் திறக்க முடியாத வீடுகள் எத்தனையோ உண்டு. அங்கே அந்தப் பெண்ணின் கையிலேயே ஒரு காப்பு இருக்கட்டும் என்பதுதான் எச்.ஐ.வி. போன்ற பால்வினைத் தொற்றுகளைத் தடுக்க நினைக்கும் இந்தத் தடுப்பு ஜெல்லின் மூல எண்ணம். இதைவிட நியாயமான ஒரு மருந்துத் திட்டத்தை நான் பார்த்ததில்லை. அதனாலேயே இந்தப் பங்குகளைப் பல வருடமாகப் பின்தொடர்கிறேன். அதனாலேயே கறாராகவும் எழுத வேண்டியிருக்கிறது.

2009ல் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 'வாய்ஸ்' என்ற எச்.ஐ.வி. தடுப்புச் சோதனை தொடங்கியது. டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த ஜெல்லும் அதில் சோதிக்கப்பட்டவற்றில் ஒன்று. திரும்பி வந்த குழாய்களை எண்ணிப் பார்த்தபோது, பெண்கள் பத்து நாளில் எட்டரை நாளுக்கு மேல் பயன்படுத்தியதாகக் கணக்கு வந்தது. பிறகு ரத்தத்தைச் சோதித்தார்கள். நாலில் ஒரு மாதிரியில்தான் மருந்து இருந்தது. சோதனையும் தோற்றது. இதில் பெண்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒழுகும், நினைவு வைக்க வேண்டும், ஒளித்து வைக்க இடம் வேண்டும். ஆனால் பணம் போடுபவர் இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை மறக்கவே கூடாது. ஜெல் கம்பெனிகளின் முதல் முழுக்க விழுந்து போவது அந்தப் பள்ளத்தில்தான்.

இன்று இந்தத் துறையில் பங்குச்சந்தை வழியாக நுழைய விரும்பும் சிறு முதலீட்டாளர் முன்னால் நிஜமாக நிற்பவை இரண்டு பெயர்கள். ஒன்று மெல்பர்னில் இருக்கும் ஸ்டார்ஃபார்மா. மற்றது சான் டியேகோவின் எவோஃபெம்.

ஸ்டார்ஃபார்மா 1996ல் தொடங்கியது, 2000லிருந்து ஆஸ்திரேலியச் சந்தையில் இருக்கிறது. அதன் கையிருப்பு டெண்ட்ரிமர் என்ற மூலக்கூறு வகை. மரம் கிளைவிட்டுக் கிளைவிட்டுப் பரவுவது போல, நடுவிலிருந்து அடுக்கடுக்காக விரியும் ஒரு பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பில் எதை ஒட்டுகிறோமோ அதற்கேற்ப வேலை மாறும். விவாஜெல்லில் இருக்கும் அஸ்டோட்ரிமர் சோடியத்தின் மேற்பரப்பு வைரஸோடு ஒட்டிக்கொண்டு, அது செல்லைப் பற்றுவதைத் தடுக்கிறது. எச்.ஐ.வி.க்கும் ஹெர்பிஸுக்கும் எதிராக என்று ஆரம்பித்தார்கள். 2005ல் அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்தன. 2006ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. விரைவுப் பாதை அந்தஸ்தும் தந்தது.

அந்த எச்.ஐ.வி. ஜெல், அனுமதி கேட்பதற்கு முன் நடக்கும் பெரிய சோதனையான மூன்றாம் கட்டச் சோதனைக்குப் போகவே இல்லை. கம்பெனி அதே ஜெல்லைப் பெண்ணுறுப்பில் வரும் பாக்டீரியல் வஜைனோசிஸ் தொல்லைக்குத் திருப்பியது. இது சின்னச் சந்தை இல்லை. வழக்கமான மாத்திரை எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருவதாக மெல்பர்னிலேயே செய்த ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் 2012 நவம்பரில் வந்த முடிவு கம்பெனியைக் கவிழ்த்தது. சிகிச்சை முடியும் நாளில் ஜெல் நன்றாக வேலை செய்தது. எப்.டி.ஏ. கேட்டதோ அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்து உள்ள நிலையை. அந்த அளவுகோலில் தேறவில்லை, பங்கு விலையும் விழுந்தது. திரும்ப வராமல் தடுக்கும் சோதனைகளை வைத்து மறுபடி எப்.டி.ஏ.யிடம் போனார்கள். 2018 டிசம்பரில், இன்னும் மருத்துவத் தரவு வேண்டும் என்று பதில் வந்தது.

எவோஃபெமின் கதை எதிர்த்திசை. அங்கே எப்.டி.ஏ. கதவு திறந்தது. லாக்டிக் அமிலம், சிட்ரிக் அமிலம், பொட்டாசியம் பைடார்ட்ரேட் மூன்றும் சேர்ந்த ஃபெக்ஸி ஜெல், ஹார்மோன் இல்லாத கருத்தடையாக 2020 மே மாதம் அனுமதி பெற்றது. பெண்ணுறுப்பின் இயல்பான அமிலத்தன்மையை விந்து வந்த பிறகும் காப்பாற்றி, விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்வதுதான் அதன் வேலை. அதே அமிலத்தன்மை, உடலுறவால் பரவும் பாக்டீரியாத் தொற்றுகளான கிளமிடியாவையும் கொனோரியாவையும் தடுக்குமா என்ற கேள்விதான் முதலீட்டாளர்களை இழுத்தது. இரண்டாம் கட்ட முடிவு அபாரம். கிளமிடியா 50 சதவீதம், கொனோரியா 78 சதவீதம் குறைந்தது.

சரி, அப்புறம் என்ன ஆனது? 2022 அக்டோபரில் மூன்றாம் கட்டச் சோதனை முடிவு வந்தபோது ஜெல் பிரிவுக்கும், மருந்தில்லாத போலி ஜெல் வாங்கிய பிளாசிபோ பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. அதே மாதம் நாஸ்டாக்கை விட்டு வெளியேறி, பெரிய பங்குச்சந்தைகளுக்கு வெளியே நடக்கும் ஓடிசி சந்தைக்குப் போனது பங்கு.

எவோஃபெமின் விற்பனைக் கணக்கில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் 'அனுமதி கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்' என்று நம்புகிறவர்கள் நிறைய. 2021ல் ஃபெக்ஸி ஈட்டிய நிகர வருவாய் 82 லட்சம் டாலர். அந்த வருட நிகர நஷ்டம் 20 கோடி டாலரைத் தாண்டியது. 2023ல் விற்பனை 1 கோடியே 82 லட்சம் டாலராக உயர்ந்தது, செலவையும் கடுமையாக வெட்டினார்கள். ஆனால் அதற்குள் பங்குதாரருக்கு நடக்க வேண்டியது நடந்துவிட்டது. 2022 மே மாதம் 15 பங்குகளை ஒன்றாக்கினார்கள். 2023 மே மாதம் 125ஐ ஒன்றாக்கினார்கள். பெருக்கிப் பாருங்கள். முதலில் 1,875 பங்கு வைத்திருந்தவர் கையில் இப்போது ஒரே ஒரு பங்கு. பங்கு ஒன்றாவதால் மட்டும் பணம் போகாது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படி ஒன்றாக்க வேண்டிய நிலை வந்ததே, விலை அந்த அளவுக்குத் தேய்ந்ததாலும் புதுப் பங்குகள் கொட்டியதாலும்தான்.

ஸ்டார்ஃபார்மாவும் வலிக்காமல் விடவில்லை. 2021 தொடக்கத்தில் 2 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் நின்ற பங்கு 2024ல் 15 சென்டுக்கும் கீழே வந்தது. அந்த ஏற்றத்துக்குக் காரணமான மூக்கு ஸ்பிரே, வைரலீஸ், அதே அஸ்டோட்ரிமர்தான். பிரிட்டனில் அதன் விளம்பர வாசகங்களை ஒழுங்குமுறை அமைப்பு கேள்வி கேட்டதும் அங்கே விற்பனை நின்றது. ஆனாலும் கம்பெனி உயிரோடு இருக்கிறது, பங்குகளைச் சுருக்கவும் இல்லை. ஏன்?

எனக்குத் தெரிந்து மூன்று காரணம். விவாஜெல்லைத் தானே கடை கடையாக விற்கப் போகவில்லை. ஆணுறையில் பூச அன்செல்லோடு ஒப்பந்தம், ஆஸ்திரேலியாவில் விற்க ஆஸ்பென், ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் மண்டிஃபார்மா என்று விற்பனைச் சுமையைப் பிறர் தோளில் வைத்தது. வருமானம் சிறியது, ஆனால் விற்பனைச் செலவு தன் தலையில் விழவில்லை. இரண்டாவது, ஜெல் தோற்றாலும் டெண்ட்ரிமர் மிஞ்சியது. விவசாய ரசாயனப் பிரிவை மட்டும் 2017ல் 3 கோடியே 50 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றார்கள். புற்றுநோய் மருந்துகளைச் சுமக்கும் வாகனமாக அதே மூலக்கூறு இன்னும் ஆய்வில் இருக்கிறது. மூன்றாவது வெளியூர்க்காரர்கள் கவனிக்காத விஷயம்: ஆண்டு விற்பனை 2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குள் இருக்கும் கம்பெனிக்கு அந்த நாட்டு அரசு தகுதியான ஆராய்ச்சிச் செலவில் 43.5 சதவீதத்தை ரொக்கமாகவே திருப்பித் தருகிறது. நஷ்டத்தில் இருந்தாலும் தருகிறது. சான் டியேகோவில் அப்படி ஒரு காசோலை வராது.

இந்த இரண்டையும் மட்டும் பார்த்தால் 'ஒருவர் கெட்டிக்காரர், ஒருவர் ஊதாரி' என்று தோன்றும். அது முழு உண்மை இல்லை. இவர்களுக்கு முன்னால் போனவர்களின் தடத்தைப் பார்த்தால்தான் இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல் புரியும்.

டொரோன்டோவின் பாலிடெக்ஸ் தயாரித்த செல்லுலோஸ் சல்ஃபேட் ஜெல்லின் சோதனை நம் ஊரையும் தொட்டது. டர்பன், கம்பாலா, கோட்டனு, பாகல்கோட் ஆகிய ஊர்களோடு சென்னையும் அதில் ஒரு மையம். 1986ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டுபிடிக்கப்பட்ட ஊர். 1,398 பெண்கள் சேர்ந்தார்கள். 2007 ஜனவரி 31 அன்று சோதனையை நிறுத்தினார்கள். ஜெல் பிரிவில்தான் தொற்று அதிகம் இருந்தது. கடைசிக் கணக்கில் ஜெல் பிரிவில் 25 பேருக்கும், போலி ஜெல் பிரிவில் 16 பேருக்கும் தொற்று. பாதுகாப்பு என்று நம்பிக் கையில் வாங்கிய பெண்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதை எந்தப் பங்கு அறிக்கையும் எழுதாது. பங்குதாரர்களுக்கு அன்றோடு அந்த எதிர்பார்ப்பு முடிந்தது.

செலிஜி கம்பெனியின் சாவ்வி ஜெல் வேறு விதமாக விழுந்தது. கானாவில் சோதனைக்கு வந்த பெண்களிடையே புதிய தொற்று எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. நல்ல செய்திதானே? ஆனால் ஜெல் வேலை செய்கிறதா என்று சொல்ல முடியாமல் போனது. இதுதான் நான் சொன்ன சிக்கல். எந்தத் தடுப்புச் சோதனையிலும் அறத்தின்படி எல்லோருக்கும் ஆணுறையும் ஆலோசனையும் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் தொற்று குறையும். குறைந்தால் வித்தியாசம் தெரிய ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சேர்க்க வேண்டும். புரோ 2000 ஜெல்லுக்கு ஒரு சோதனையில் 3,000 பெண்கள் வந்தார்கள். 2009 பிப்ரவரியில் 30 சதவீதம் குறைப்பு என்று ஓர் ஆசை காட்டியது, ஆனால் அது தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்ற எல்லைக்குள்தான். அதே ஆண்டு டிசம்பரில், பிரிட்டிஷ் அரசுப் பணத்தில் 9,385 பெண்களோடு நடந்த இன்னொரு சோதனை அந்த ஆசையை முடித்து வைத்தது. இவ்வளவு பெரிய சோதனையைச் சிறு கம்பெனி தன் காசில் நடத்தவே முடியாது. பிறர் காசில் நடத்தினால், வென்ற பிறகு ஏழை நாடுகளுக்கு அடக்க விலைக்கே கொடுக்க வேண்டும். கொடுக்கத்தான் வேண்டும், அது சரி. ஆனால் பங்குதாரருக்கு மிஞ்சுவது பணக்கார நாட்டுச் சந்தை மட்டும்.

புரோ 2000 விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு எனக்குப் பெரிய பாடம். அதன் உரிமையாளரான இன்டெவஸை 2009 தொடக்கத்தில் எண்டோ என்ற மருந்துக் கம்பெனி வாங்கியபோது பங்குக்கு 4.50 டாலர் ரொக்கம் கொடுத்தது. அதற்கு மேல், சில மருந்துகள் தேறினால் 3 டாலர் வரை கூடுதலாகத் தருவதாக ஒப்பந்தம். அந்தச் 'சில மருந்துகளில்' ஜெல் இல்லை. ஆயிரக்கணக்கான பெண்களிடம் சோதனை ஓடிக்கொண்டிருந்த நேரத்திலேயே, தொழில் தெரிந்த ஒருவர் அந்த ஜெல்லின் வெற்றிக்கென்று தனியாக ஒரு சென்ட்கூட ஒதுக்கவில்லை.

ஆக என் தீர்ப்பு: இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டுமென்றால் மெல்பர்ன். ஆனால் விவாஜெல்லுக்கு என்று நான் விலை கொடுக்க மாட்டேன். டெண்ட்ரிமரின் புற்றுநோய்ப் பக்கத்துக்கும் கையில் இருக்கும் ரொக்கத்துக்கும் எவ்வளவு தகுமோ அவ்வளவுதான். ஜெல்லிலிருந்து வரும் ராயல்டி உபரி. ஆஸ்திரேலியச் சந்தையில் இந்த மாதிரிக் கம்பெனிகள் காலாண்டுக்கு ஒரு முறை 4சி என்ற படிவம் போடும். அதன் கடைசிப் பகுதியில் 'இருக்கும் பணம் இன்னும் எத்தனை காலாண்டுக்கு வரும்' என்று ஓர் எண் இருக்கும். நான் முதலில் அங்கேதான் போவேன். எவோஃபெமில், ஃபெக்ஸியை நம்பிப் பயன்படுத்தும் பெண்கள் இருக்கிறார்கள், அந்தப் பொருள் சந்தையில் நிலைக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். பங்கு வாங்குவது வேறு விஷயம். கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் முன்னால் நிற்கும் வரை சாதாரணப் பங்குதாரரின் முறை எப்போது வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

எச்.ஐ.வி. ஜெல் என்ற கனவு பங்குச்சந்தையைப் பொறுத்தவரை 2024ல் மூடிவிட்டது. வருடத்துக்கு இரண்டே ஊசி போதும் என்ற லெனாகாபாவிர், அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை என்று காட்டியது. குழாயும் இல்லை, ஒளித்து வைக்க இடமும் வேண்டாம். ஆனால் கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் பாக்டீரியல் வஜைனோசிஸுக்கும் அப்படி ஓர் ஊசி வரவில்லை. அடுத்த ஜெல் கம்பெனி அந்தக் கதவைத்தான் தட்டும், யாராவது நிச்சயம் வருவார்கள். அவர்கள் முதலீட்டாளர் கூட்டம் நடத்தும்போது இரண்டாம் கட்டத்தில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று கேட்க வேண்டாம். மூன்றாம் கட்டத்தில், பெண் உண்மையிலேயே பயன்படுத்தினாளா என்பதை எதை வைத்து அளக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். 'திரும்பி வரும் குழாய்களை எண்ணுவோம்' என்று பதில் வந்தால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.