இரண்டு ஜிபி லேப்டாப்புக்கு ஏற்ற எடிட்டர்: நான்கு வருடமாக ஜீனியோடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியலிலிருந்து திங்கள்சந்தை போகும் வழியில் எங்கள் வீடு. முன்னறையில் நான்கு வருடமாக கம்ப்யூட்டர் டியூஷன் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்புக்கு பைத்தான். வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் கொண்டுவருவது அண்ணனுக்கோ அக்காவுக்கோ பள்ளியில் கிடைத்த பழைய விலையில்லா மடிக்கணினிதான். இரண்டு ஜிபி ராம். பேட்டரி எப்போதோ போய்விட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். இந்த மாதிரி கணினியில் நிரல் எழுத எந்த எடிட்டரைப் போடலாம் என்று பலர் கேட்டுவிட்டார்கள். என் பதில் ஜீனி (Geany) என்ற எடிட்டர். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வில்லுக்குறியிலிருந்து ஒரு பிள்ளை வருவாள். அம்மா அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கிறார். ஐந்தரைக்கு வந்தால் ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். அவள் லேப்டாப்பில் யாரோ ஒரு பெரிய எடிட்டரைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் வேலைக்கு வைத்திருப்பதுதான், அதன் பெயர் இங்கே வேண்டாம். திறக்கச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் கட்டஞ்சாயா போட்டுக்கொண்டு வந்தேன். அப்போதும் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திறந்த பிறகு ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வர நேரம் எடுத்தது. அந்தப் பிள்ளை, தான்தான் ஏதோ தப்பாக அமுக்கிவிட்டதாக நினைத்து விரலை எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று ராத்திரியே தேட ஆரம்பித்தேன்.

இன்று பெயர்பெற்ற பல எடிட்டர்கள் எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் கட்டியவை. அதற்குள் குரோமியம் பிரவுசரும், ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸும் முழுசாக இருக்கின்றன. அதாவது எடிட்டரைத் திறக்கும்போது ஒரு பிரவுசரையும் சேர்த்தே திறக்கிறோம். எட்டு ஜிபி இருக்கிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. இரண்டு ஜிபியில் சிஸ்டம் தன் பங்கை எடுத்தது போக மிச்சம் என்ன இருக்கும்?

பிற எடிட்டர்களையும் ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நோட்பேட் பிளஸ் பிளஸ் அருமையானது, 2003 முதல் இருக்கிறது, திறந்த மூலம்தான் (மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்). ஆனால் விண்டோஸுக்கு மட்டும்தான். என்னிடம் இருக்கும் ஆறு பேரில் மூன்று பேர் லேப்டாப்பில் நான் டெபியன் லினக்ஸ் போட்டிருக்கிறேன். பைத்தானோடு வரும் ஐடில், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்துக்குப் போதும். சி பிளஸ் பிளஸுக்கு உதவாது. கேட் (Kate) என்ற எடிட்டர் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் கேடிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் இல்லாத கணினியில் போட்டால் கூடவே ஒரு மூட்டை லைப்ரரிகளும் இறங்குகின்றன. விம் என்ற எடிட்டர் மேல் எனக்கு மரியாதை அதிகம். அதை எழுதிய பிராம் மூலெனார் 2023 ஆகஸ்டில் இறக்கும்வரை, உகாண்டா குழந்தைகளுக்கு உதவுங்கள் என்றே பயனாளர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் லூப்பே புரியாத பிள்ளைக்கு எழுத இன்சர்ட் மோடு, கட்டளைக்கு நார்மல் மோடு என்று ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. அதைக் கல்லூரியில் கற்றுக்கொள்ளட்டும்.

சரி, ஜீனி. 2005இல் வந்தது. சின்னம் அலாவுதீன் விளக்கு. ஜன்னல், மெனு, பொத்தான் வரையும் ஜிடிகே என்ற லைப்ரரியைக் கொண்டு எழுதப்பட்டது. எழுதும் பகுதிக்கு அடியில் இருப்பது சிண்டில்லா என்ற லைப்ரரி, நோட்பேட் பிளஸ் பிளஸிலும் அதேதான். ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம். லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓடும். வில்லுக்குறிப் பிள்ளையின் லேப்டாப்பில் சொடுக்கிய கொஞ்ச நேரத்தில் திறந்துவிட்டது. எங்கள் பாடக் கோப்புகளை வைத்துக்கொண்டு அது நூறு எம்பி ராமைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

ஆனால் வேகத்துக்காக மட்டும் நான் இதைப் பிடித்துக்கொள்ளவில்லை. மூன்று விசைகள்தான் காரணம். எஃப்8 கம்பைல் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றுவது), எஃப்9 பில்டு (ஓடக்கூடிய கோப்பாக்குவது), எஃப்5 ரன் (ஓட்டுவது). எந்த அமைப்புக் கோப்பும் எழுதாமல், புராஜெக்ட் என்று ஒன்றைத் திறக்காமல், ஒற்றைக் கோப்பை வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். எஃப்9 அமுக்கியதும் கீழே செய்திப் பகுதி திறக்கும். பிழை இருந்தால் சிவப்பு வரி. அதைச் சொடுக்கினால் நிரலில் அந்த வரிக்கே கர்சர் போய் நிற்கும், அடியில் சிவப்பு நெளிகோடும் இருக்கும். கம்பைலர் சொல்வதைப் படிக்கப் பயப்படுகிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். முதல் வாரம் சிவப்பைப் பார்த்ததும் "டீச்சரே" என்று கூப்பிடுவார்கள். மூன்றாவது வாரம் தாங்களே சொடுக்கி, அரைப்புள்ளியைப் போட்டுவிட்டு, மறுபடி எஃப்9 அமுக்குவார்கள்.

எஃப்5 அமுக்கினால் தனி டெர்மினல் (கட்டளைச் சாளரம்) திறந்து நிரல் ஓடும். முடிந்ததும் எந்தக் குறியீட்டு எண்ணோடு முடிந்தது என்று ஒரு வரி வரும். அது பூஜ்யமாக இருந்தால் ஒழுங்காக முடிந்தது என்று அர்த்தம். மெயின் ஃபங்ஷனின் கடைசியில் ஏன் ரிட்டர்ன் ஜீரோ எழுதுகிறோம் என்று நான் வாயால் விளக்கியதைவிட அந்த ஒரு வரி நன்றாக விளக்கியிருக்கிறது.

அப்புறம் வாட்ஸ்அப் தொல்லை. பிள்ளைகள் நிரலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து எடுத்து ஒட்டுவார்கள். முட்டத்திலிருந்து வரும் பையன் ஒரு நாள் ஒட்டிய பைத்தான் நிரல் ஓடவே இல்லை. கண்ணுக்கு எல்லாம் நேராகத்தான் இருந்தது. "வியூ மெனுவைத் திற மக்ளே, வெள்ளை இடத்தைக் காட்டச் சொல்லு" என்றேன். ஸ்பேஸ் எல்லாம் குட்டிப் புள்ளிகளாகவும் டேப் எல்லாம் அம்புக்குறிகளாகவும் தெரிந்தன. நாலு வரி புள்ளி, ஐந்தாவது வரி அம்பு. பைத்தான் இந்தக் கலப்பை ஏற்றுக்கொள்ளாது. டாக்குமெண்ட் மெனுவில் டேப்பை ஸ்பேஸாக மாற்றும் கட்டளை இருக்கிறது. ஒரு சொடுக்கில் சரியானது. ஓடியதா என்றால் அப்போதும் இல்லை. மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருந்தன. அதைத் தேடி மாற்றிய பிறகுதான் ஓடியது. அன்றிலிருந்து அந்தப் பையன் எதை ஒட்டினாலும் முதலில் வெள்ளை இடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுகிறான்.

கரண்ட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. காற்றில் ஒரு தென்னை மட்டை லைனில் விழுந்தால் போதும், இருட்டுதான். பேட்டரி இல்லாத லேப்டாப் அந்த நொடியே அணையும். ஜீனியோடு வரும் பிளக்இன்களில், அதாவது கூடுதல் வசதிகளில், சேவ் ஆக்ஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கி, அறுபது விநாடிக்கு ஒருமுறை தானே சேமிக்கும்படி வைத்திருக்கிறேன். கோப்புக்கு முன்பே ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பதால், முதல் வரி எழுதும் முன் பெயர் வைத்துச் சேமிப்பதை வகுப்பில் கண்டிப்பான பழக்கமாக்கிவிட்டேன்.

தமிழ் எப்படி? திரையில் கொம்பும் புள்ளியும் அதனதன் இடத்தில் ஒழுங்காக வருகின்றன. கோப்பு யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கிறதா என்று கீழே நிலைப்பட்டையிலேயே தெரியும். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானில் கேட்டால் 5 என்று வரும். மூன்று எழுத்துதானே என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு தனித்தனியாக எண்ணுகிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. ஆனால் தமிழ் எழுத்துகள் சம அகலத்தில் வராததால், தமிழ் வரிகளை நெடுக்கில் நேராக அடுக்க முடியாது. ஓட்டும்போது திறக்கும் டெர்மினல் சிலவற்றில் கொம்பு இடம் மாறியும் தெரியும். அது டெர்மினலின் குறை. வேறு டெர்மினலை அமைப்பில் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடும்.

ஜீனியில் இல்லாதவையும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே பிழையைக் காட்டாது; எஃப்8 அல்லது எஃப்9 அமுக்கினால்தான் காட்டும். நீங்கள் எழுத நினைப்பதை ஊகித்துச் சொல்லும் திறமையும் குறைவு. டீபக் செய்ய, அதாவது நிரலை வரிவரியாக ஓட்டிப் பிழை தேட, தனி பிளக்இன் வேண்டும். பெரிய இணையதளம் கட்டுகிறவர்களுக்கு, பத்துப் பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன். கற்கிற பிள்ளைக்கு ஊகம் குறைவாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஃபார் என்று அடித்து டேப் தட்டினால் முழு லூப்பையும் விரித்துக் கொடுக்கும் வசதி இதிலேயே இருக்கிறது. அதைக்கூட முதல் மாதம் நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கை எழுதிப் பழகட்டும்.

திறந்த மூலம் என்பது எனக்கு முக்கியம். ஆட்டம் என்ற எடிட்டரை கிட்ஹப் 2022 டிசம்பரில் நிறுத்தியது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் வேறு சிலர் அதை எடுத்து பல்சர் என்ற பெயரில் தொடர முடிந்தது. ஜீனியின் 2.0 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது, முதல் வெளியீட்டுக்குப் பதினெட்டு வருடம் கழித்து. இன்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த விசை அவள் தங்கை வரும்போதும் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு. இதுவரை இருக்கிறது.

புதிதாகப் போடுகிறவர்கள் முதலில் இரண்டு மாற்றங்களைச் செய்துவிடுங்கள். எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் எடிட்டர், அதில் இன்டென்டேஷன்: டேப்புக்குப் பதில் ஸ்பேஸ், அகலம் 4. பிறகு பில்டு மெனுவில் கட்டளைகளைத் திறந்து, பைத்தானை ஓட்டும் வரியில் உங்கள் கணினியில் இருக்கும் பைத்தானின் பெயர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிப்புகளில் வெறும் பைத்தான் என்றிருக்கும், கூடவே 3 சேர்க்க வேண்டியிருக்கும். எழுத்தளவை 14 ஆக்கிவிட்டால் பின்னால் நின்று பார்க்கிறவருக்கும் தெரியும். எங்கள் முன்னறையில் ஆறு லேப்டாப்பிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.