கொக்கி மாட்டிய நாலு வருஷம்: சிங்கப்பூர் புல்தரையில் குவிக் ஹிட்ச்

கடப்பாரையைத் தொடாமல் டிராக்டரில் கருவி மாட்டியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. மன்னார்குடிப் பக்கம் அப்பாவின் வண்டியில் கொத்துக் கலப்பை மாட்டும்போதும் ஒரு ஆள் கடப்பாரையோடு நிற்பான். இங்கே சிங்கப்பூரில் பள்ளி மைதானங்களுக்கும் பந்துத் திடல்களுக்கும் புல் பராமரிக்கிற கம்பெனியில் சேர்ந்த பிறகும் அதே கடப்பாரைதான். கருவியின் இடது ‘பின்’, அதாவது மாட்டுகிற இரும்பு ஆணி, ஏறிவிடும். வலது பின் ஓட்டைக்கு அரை அங்குலம் தள்ளி நிற்கும். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் இடது பக்கம் இறுகிக்கொள்ளும். இறங்கு, ஏறு, நெம்பு, திட்டு. நல்ல நாளில் பத்து நிமிஷம், கெட்ட நாளில் அரை மணி.

இங்கே அந்த அரை மணிக்கு விலை அதிகம். மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது, மின்னல் எச்சரிக்கை வந்தால் திடலை விட்டு வெளியேற வேண்டும். வெளி வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அது ‘கேட் ஒன்’, அதாவது கேட்டகரி ஒன்று. டிராக்டர் இணைப்பின் அளவுக்கும் அதே பெயர்தான்: சின்ன வண்டிகளுக்குக் கேட் ஒன், பெரிசுக்குக் கேட் டூ. புதிதாக வந்த தம்பி ஒருவனிடம் “இது கேட் ஒன் பின்னுப்பா, எடு” என்றேன். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடிவிட்டான்.

அப்படி இரண்டு மழைக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில் புல் வெட்டியைக் கழற்றி, மண்ணில் துளை போடுகிற ஏரேட்டரை மாட்ட வேண்டும் என்றுதான் குவிக் ஹிட்ச் வாங்கச் சொல்லி முதலாளியிடம் நின்றேன். நாலு வருஷம் ஆகிறது. வாங்கியது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்று யாராவது கேட்டால் அதே பதிலைச் சொல்வேனா என்பது வேறு கதை.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். தலைகீழான ‘ப’ போல ஒரு இரும்புச் சட்டம். எங்களுடையது முப்பது கிலோவுக்குப் பக்கம். வண்டியின் பின்னால் கருவியைப் பிடிக்கிற மூன்று கைகள் உண்டு, மேலே டாப் லிங்க், கீழே இரண்டு லோயர் லிங்க்; அந்த மூன்றிலும் சட்டத்தை நிரந்தரமாக மாட்டிவிட வேண்டும். சட்டத்தின் பின்பக்கம் மேலே ஒரு கொக்கி, கீழே இரண்டு கொக்கி. வண்டியைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டத்தைத் தாழ்த்தி, கருவியின் மூன்று பின்களுக்கும் அடியில் நுழைத்துத் தூக்கினால் மூன்றும் கொக்கியில் உட்காரும். கீழ்க் கொக்கிகளில் ஸ்பிரிங் லாக் விழுந்து மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் தத்துவம். ஹாரி ஃபெர்குசன் 1920களில் காப்புரிமை வாங்கிய மூன்று முனை இணைப்புக்கு மேல் போட்ட ஒரு சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் ‘மேசி வண்டி’ என்று சொல்கிறோமே, அந்த மேசி ஃபெர்குசனில் இருக்கிற ஃபெர்குசன் இவர்தான்.

சட்டம் வந்து இறங்கிய அன்று எங்களிடம் இருந்த கருவிகள் ஐந்து: புல் வெட்டுகிற ஃபிளெய்ல் மோவர், ஏரேட்டர், மணல் தூவும் டாப் டிரஸ்ஸர், உரம் தூவி, மண் நிரவும் பாக்ஸ் பிளேடு. ஐந்தும் கேட் ஒன் என்றுதான் தகட்டில் அடித்திருந்தது. மாட்டிப் பார்த்தால் ஒழுங்காக உட்கார்ந்தது பாக்ஸ் பிளேடு ஒன்றுதான்.

ஏன் என்று அளந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. சட்டத்தில் கீழ்க் கொக்கிக்கும் மேல் கொக்கிக்கும் உயரம் 15 அங்குலம். குவிக் ஹிட்ச்சுக்கென்று வகுத்த அளவு அது. வழக்கமான கேட் ஒன் கருவியில் மேல் பின் 18 அங்குலத்தில் இருக்கும். டாப் லிங்க் நேராக மாட்டும்போது இந்த மூன்று அங்குலம் ஒரு பொருட்டே இல்லை, லிங்க்கைக் கொஞ்சம் சுற்றினால் போதும். கொக்கிக்கு அப்படி இல்லை. கீழே உட்கார்ந்தால் மேலே எட்டாது, மேலே எட்டினால் கீழே தொங்கும்.

இது போதாதென்று பின் தடிமன். கேட் ஒன்னில் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19. கொக்கியின் வாய் அதைவிட அகலம். பின்மேல் புஷ் என்கிற இரும்புக் குழல் போட்டுத் தடிமனாக்க வேண்டும்: கீழே வெளிவட்டம் 36.5, மேலே கிட்டத்தட்ட 32. கடைக்காரர் புஷ்ஷைப் பற்றி மூச்சே விடவில்லை. இங்கே டிராக்டர் சாமான் தெருவுக்குத் தெரு கிடைக்கிற ஊரும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் என்றார்கள். அவசரத்துக்கு ஒரு தடிமனான பைப்பை வெட்டிப் போட்டேன். இரண்டே மாதத்தில் முட்டை வடிவத்துக்கு வந்து, தூக்கும்போதெல்லாம் ‘கடகட’ என்று ஆட ஆரம்பித்தது. அப்புறம் சுங்கை காடுட் பக்கம் லேத் வைத்திருக்கும் ஒரு சீன அங்கிளிடம் கனமான இரும்புத் தண்டில் கடைந்து வாங்கினேன். அந்தப் புஷ் இன்னும் ஓடுகிறது.

மேல் பின்னுக்கும் அவரிடம்தான் போனேன். காகிதத்தில் வரைந்து அளவெல்லாம் போட்டு நீட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. “டிராக்டர் எங்கே? கருவி எங்கே? இரண்டையும் கொண்டுவா” என்றார். லாரி ஏற்றிக் கொண்டுபோக வேண்டிவந்தது. அவர் செய்தது நியாயம் என்று அப்புறம் தெரிந்தது. உயரம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. உரம் தூவியில் கீழ்ப் பின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது. அந்த இடைவெளியில் புஷ்ஷும் கொக்கியும் சேர்ந்து நுழைய இடம் இல்லை. ஃபிளெய்ல் மோவரில் மேல் பின்னுக்குப் பின்னாலேயே ஒரு குறுக்குப் பட்டை, கொக்கியின் மூக்கு அதில் இடிக்கும். இதெல்லாம் என் படத்தில் இல்லை. மூன்று கருவிகளுக்கு 15 அங்குல உயரத்தில் மேல் பின் மாட்டப் புதுக் காது வைத்து வெல்டிங் அடித்தார். பழைய ஓட்டையை அப்படியே விட்டுவிட்டார், தேவைப்பட்டால் பழையபடி மாட்டலாம் என்று. உரம் தூவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதற்குச் செலவழிப்பது வீண் என்று நானும் விட்டுவிட்டேன். சட்டத்துக்குக் கொடுத்ததைவிட இந்த ஒட்டுவேலைக்குக் கொடுத்த சிங்கப்பூர் வெள்ளிதான் அதிகம். குவிக் ஹிட்ச் விலை கேட்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒரே புத்திசாலி வேலை, ஒரு பிளைவுட் பலகை. மூன்று கொக்கிகளும் இருக்கிற இடத்தில் மூன்று பள்ளம் வெட்டி, கொக்கியின் தடிமனுக்கும் மூக்கு நீளத்துக்கும் கட்டை வைத்து அடித்தது. வாடகைக்கோ பழசு வாங்கவோ கருவி பார்க்கப் போனால் பலகையைத் தூக்கிக்கொண்டு போவேன். பின்களில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். விற்கிறவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இனி வருவதுதான் எனக்கு நிஜமாகவே பாடம் எடுத்தது. சட்டம் நடுவில் வருவதால் கருவி முன்பு இருந்த இடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளிப்போகிறது. எங்கள் சட்டத்தில் அது 11 சென்டிமீட்டர். பாக்ஸ் பிளேடுக்கு அதனால் ஒன்றும் இல்லை. எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகிற பி.டி.ஓ. ஷாஃப்ட் ஓடுகிற கருவிக்கு நிறைய இருக்கிறது. ஷாஃப்ட்டின் இரண்டு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது நுழைந்திருக்க வேண்டும். மோவரை மாட்டிப் பார்த்தால் நாலு விரல் அகலம்தான் பிடித்துக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு 540 சுற்றில் அது கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நீளமான ஷாஃப்ட் வாங்கி அளவுக்கு வெட்டிப் போட்டோம். நன்றாக ஓடியது.

ஒரு வருஷம் கழித்துச் சட்டத்தில் ஒரு லாக் உடைந்து வெல்டிங்குக்குப் போயிருந்தது. அன்று நான் லீவு. பையன்கள் சட்டம் இல்லாமல் பழையபடி பின் போட்டு மோவரை மாட்டியிருக்கிறார்கள், ஆனால் புது ஷாஃப்டோடு. இப்போது அது 11 சென்டிமீட்டர் அதிகம். ஹைட்ராலிக் லிவரைத் தூக்கியதும் ஷாஃப்ட் உள்ளே போக இடமில்லாமல் முட்டி நின்றிருக்கிறது. ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டதாம், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் மோவரின் கியர்பாக்ஸுக்கு அடியில் கான்கிரீட்டில் ஒரு தட்டு அளவுக்கு எண்ணெய். சீல் போயிருந்தது, பேரிங்கும் போயிருந்தது. அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, நான் எழுதி வைக்கவில்லை. இப்போது சட்டத்தோடு மட்டும் ஓட வேண்டிய ஷாஃப்ட்களுக்குக் கவசத்தில் சிவப்புப் பெயின்ட். சட்டத்திலும் அதே சிவப்பு. சிவப்புக்குச் சிவப்பு.

அடுத்தது முழுக்க என் தப்பு. ஒரு பள்ளித் திடலில் மழை ஓய்ந்த மதியம். இங்கே திடல்களில் பரவலாக இருப்பது அகல இலையுள்ள மாட்டுப்புல், ஈரத்தில் வெட்டினால் களி மாதிரி அப்பிக்கொள்ளும். மோவரைக் கழற்றி மறுபடி மாட்டினேன். “லாக் விழுந்துச்சாண்ணே?” என்று கீழே நின்ற தம்பி கேட்டான். “விழுந்துச்சு விழுந்துச்சு” என்றேன், சீட்டில் உட்கார்ந்தபடியே. இடது கொக்கியின் வாய்க்குள் அப்பிய புல் இறுகிக் கட்டியாகக் கிடந்திருக்கிறது. புஷ் அதன் மேல் உட்கார்ந்து, லாக் பாதி வழியில் நின்றுவிட்டது. மேலிருந்து பார்த்தால் லிவர் கீழே இருப்பது மாதிரிதான் தெரிந்தது. திடலோரத்து லோங்காங், அதாவது வடிகால் கால்வாய், தாண்டும் இடத்தில் பின்சக்கரம் மேட்டில் ஏறி இறங்கியது, மோவரின் இடது பக்கம் துள்ளி வெளியே வந்து சாய்ந்தது. முந்நூறு கிலோவுக்கு மேல். பக்கக் கவசம் கால்வாய் விளிம்பில் மோதி மடங்கியது. பின்னால் நடந்து வந்த தம்பி எப்போதும்போல் பத்தடி தள்ளி வந்ததால் தப்பித்தான்.

அன்றிலிருந்து மாட்டியதும் ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கி, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, இறங்கி இரண்டு பக்கமும் கண்ணால் பார்ப்பது. கொக்கி வாயைக் குச்சியால் சுரண்டாமல் மாட்டுவதில்லை. காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் இதை நானே சொல்கிறேன், யாருக்கு நடந்தது என்பதையும் சேர்த்து.

சின்னச் சின்னத் தொல்லைகள் வேறு. கருவி பின்னுக்குப் போனதால் வண்டியின் முன்பக்கம் லேசாகிறது. ஏரேட்டரோடு லாரிச் சரிவில் ஏறும்போது ஸ்டீயரிங் காற்றில் சுற்றுவது மாதிரி இருந்தது. முன்னால் இரண்டு எடைக்கட்டி கூடுதலாகப் போட்ட பிறகுதான் அடங்கியது. பி.டி.ஓ. மாட்டச் சட்டத்தின் இடுக்கில் கையை விட வேண்டும், முழங்கை சிராய்க்காமல் எடுத்த நாள் குறைவு. கொக்கிக்குக் கிரீஸ் வைக்கச் சொல்வார்கள். மணல் தூவுகிற வேலையில் கிரீஸ் வைத்தால் மணல் ஒட்டி அரம் போட்ட மாதிரி புஷ்ஷைத் தின்றுவிடும். நான் கிரீஸை நிறுத்திவிட்டு, தண்ணீர் அடித்துக் கழுவி, லாக் ஸ்பிரிங்குக்கு மட்டும் மெல்லிய எண்ணெய் விடுகிறேன். இந்த ஊர் ஈரப்பதத்தில் ஸ்பிரிங் மூன்று நாள் கவனிக்காவிட்டால் துரு பிடித்து இறுகிக்கொள்கிறது.

வேகம் கூடியதா என்றால், கூடியது. ஆனால் அதில் பாதிப் பெருமை கொக்கிக்குச் சேராது. சட்டம் வந்த பிறகு கருவி சாய்ந்து கிடந்தால் மூன்று கொக்கியும் ஒன்றாக நுழையாது. அதனால் ஷெட்டின் கான்கிரீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் கோடு போட்டு, மட்டமாக நிற்கக் கட்டை அடித்து, அந்த இடத்தில்தான் இறக்க வேண்டும் என்று வைத்தோம். ஒருநாள் சட்டம் இல்லாத வண்டியைக் கொண்டுபோய் அதே கோட்டில் நின்ற பாக்ஸ் பிளேடைப் பின் போட்டு மாட்டினேன். நாலு நிமிஷம்தான் ஆனது. கடப்பாரை தேவைப்படவில்லை. இத்தனை வருஷம் கருவியை மழைநீர் வடிகிற சரிவில் கண்டபடி போட்டுவிட்டு இரும்பைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

போன வருஷம் வந்த இரண்டாவது வண்டியில் வேறு மாதிரி. லோயர் லிங்க் முனையிலேயே கொக்கி, சட்டம் கிடையாது. உருண்டையான பந்தைக் கருவியின் பின்னில் போட்டு வைத்துவிட்டால் கொக்கி அடியிலிருந்து வந்து கவ்விக்கொள்ளும். டாப் லிங்க்கை மட்டும் கையால் மாட்ட வேண்டும். 11 சென்டிமீட்டர் தள்ளல் இல்லை, பழைய ஷாஃப்ட்டே போதும், 18 அங்குல மேல் பின்னும் பிரச்சினை இல்லை. உரம் தூவிகூட வெல்டிங் இல்லாமல் மாட்டிக்கொண்டது. பி.டி.ஓ. கருவிதான் அதிகம் என்றால் இப்போது நான் இதைத்தான் சொல்வேன். ஒரே ஆள், பி.டி.ஓ. இல்லாத கருவிகள், நாளைக்கு நாலைந்து முறை மாற்ற வேண்டும் என்றால் சட்டம் சரி.

ஊரில் அண்ணன் தென்னந்தோப்புக்கு ஒரு மினி டிராக்டர் வாங்கியிருக்கிறார். நான் இங்கே கொக்கி, சட்டம் என்று போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் ஆசை. “ரொட்டவேட்டரைக் கழற்றிக் கலப்பை மாட்டுறது எத்தனை தடவைண்ணே?” என்று கேட்டேன். “வருஷத்துக்கு மூணு நாலு தடவை இருக்கும்டா” என்றார். மாட்டிய பின் கழன்று வராமல் பூட்டுகிற நாலு நல்ல லிஞ்ச் பின் வாங்கிப் போடுங்கள், அது போதும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் மெதுவாக, “அட்வான்ஸ் குடுத்துட்டேன்டா” என்றார்.

சரி, ரொட்டவேட்டரில் கீழ்ப் பின்னிலிருந்து மேல் பின் வரைக்கும் டேப் பிடித்துப் படம் அனுப்புங்கள் என்றேன். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்தது. அண்ணி டேப்பின் அடியைப் பிடித்திருக்கிறார், அண்ணன் கட்டைவிரல் மேலே. 18 அங்குலம்.