ஓவன் கதவுக் கண்ணாடி உடைந்தால்: புதிதாக வெட்டுவதா, ஆக்கர் கடையில் தேடுவதா, தகடு அடிப்பதா?

கிறிஸ்துமஸ் கேக்குக்காக முந்திரியும் உலர்திராட்சையும் ஊறிக்கொண்டிருந்த டிசம்பர் முதல் வாரம். கருங்கல்லில் எங்கள் வீட்டு ஓடிஜி ஓவனின் கதவைச் சற்று வேகமாக மூடிவிட்டேன். கண்ணாடி பொலபொலவென உதிர்ந்து, புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பைக் கொட்டியதுபோலத் தரையெங்கும் பரவியது. அந்த மாடலை நிறுத்திப் பல ஆண்டுகளாகிவிட்டன, கதவு கிடைக்காது என்று சேவை மையத்தில் கைவிரித்துவிட்டார்கள். ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் நன்றாக இருக்கும்போது ஒரு கண்ணாடிக்காக முழு ஓவனையும் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில், "சாதாக் கண்ணாடி நான்கு மில்லிமீட்டரில் போடுங்கள், அரை மணி நேரத்தில் வெட்டித் தருகிறேன்" என்றார்கள். விலையும் மிகக் குறைவு. தயவுசெய்து இதற்குச் சம்மதித்துவிடாதீர்கள். கேக் வேகும்போது கண்ணாடியின் நடுப்பகுதி கொதிக்கும். சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் விளிம்பு அவ்வளவு சூடாகாது. இந்த வித்தியாசம் 40 டிகிரியைத் தாண்டினாலே சாதாக் கண்ணாடி விரிசல் விடலாம். சூடாக்கி இறுக்கிய டஃபன்ட் (toughened) கண்ணாடி சுமார் 200 டிகிரி வித்தியாசம் வரை தாங்கும். அது உடைந்தாலும் மணிமணியாகத்தான் உதிரும். சாதாக் கண்ணாடி கத்திபோலப் பிளக்கும். ஓவன் முன்னால் குழந்தைகள் குந்தி உட்கார்ந்து கேக் உப்புவதைப் பார்க்கும் வீடு எங்களுடையது.

ஸ்டீல் தகடு உடையாது. குளச்சலில் இருக்கும் என் மைனி பட்டறையில் கொடுத்துத் தகடுதான் அடித்து வைத்திருக்கிறார். கடலை வறுக்க, ரஸ்க் காய வைக்க அது போதும். கேக்குக்குச் சரிவராது. உள்ளே நடப்பது தெரியாததால் அடிக்கடி கதவைத் திறக்க வேண்டியிருக்கும். சூடு இறங்கி, பாதி வெந்த கேக் நடுவில் அமுங்கிவிடும். தகட்டில் கை பட்டால் கண்ணாடியைவிடச் சட்டென்று சுடும்.

அதே மாடலின் பழைய கதவு, பழைய சாமான்கள் விற்கும் ஆக்கர் கடையில் கிடைத்தால் அதற்கு இணை இல்லை. கீல், கைப்பிடி எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். தக்கலையில் எனக்குக் கிடைத்தது அதே கம்பெனியின் வேறு மாடல். அரை அங்குலம் குறைந்தது. வாங்கும்முன் கண்ணாடியின் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். டஃபன்ட் கண்ணாடிக்கு உயிர்நிலையே விளிம்புதான். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கதவானால் உப்புக்காற்றில் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும், நாலு முறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும்.

கடைசியில் நான் நாகர்கோவிலில் டஃபன்ட் கண்ணாடி செய்யக் கொடுத்தேன். ஒன்பது நாள் ஆனது. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, குளிர்காற்றைப் பீய்ச்சி அடித்து மேற்பரப்பை இறுக்குகிறார்கள். அதன் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. வெட்ட முயன்றால் மொத்தமும் உதிர்ந்துவிடும். ஆகவே எல்லாம் அளவில்தான் இருக்கிறது. கதவுச் சட்டத்தைக் கழற்றி, கெட்டி அட்டையில் வைத்து, மூலை வளைவையும் திருகுத் துளைகளையும் பென்சிலால் வரைந்துகொண்டேன். ஒவ்வொரு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் குறைத்து வெட்டச் சொன்னேன். உடைந்த மணிகளில் பெரியதாக ஒன்றை எடுத்து வைத்திருந்தது பெரிய உதவி: கடைக்காரர் அதை வெர்னியர் அளவுகோலில் வைத்துத் தடிமனைத் துல்லியமாகச் சொல்லிவிட்டார். ஆகவே உடைந்ததை முழுவதும் கூட்டி அள்ளிக் கொட்டிவிடாதீர்கள்.

வந்த கண்ணாடி உண்மையிலேயே டஃபன்ட்தானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி அணிந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலான திட்டுகளோ பட்டைகளோ தெரியும். சாதாக் கண்ணாடியில் தெரியாது.

மைக்ரோவேவுக்கு இவை எதுவும் பொருந்தாது. அதன் கதவிலுள்ள உலோக வலைதான் அலைகளை உள்ளேயே நிறுத்துகிறது. அங்கே கை வைக்காதீர்கள்.

பொருத்தும்போது உலோகம் நேரடியாகக் கண்ணாடியில் படாதபடி, அதிகச் சூடு தாங்கும் சிவப்பு சிலிக்கோனைத் தடவினேன். திருகுகளை இறுக முறுக்கவில்லை. ஒரு நாள் காய விட்டு, வெறும் ஓவனை 100 டிகிரியில் இருபது நிமிடமும் பிறகு 180 டிகிரியில் அரை மணி நேரமும் ஓட்டினேன். கண்ணாடி அசையவில்லை. அன்று மாலையே முதல் கேக் உள்ளே போனது.