செஃபலெக்சினா, செஃபிக்சிமா?

செஃபலோஸ்போரின் என்னும் ஒரே ஆன்டிபயாட்டிக் (பாக்டீரியாவை அழிக்கும் மருந்து) குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், முதல் தலைமுறை மருந்தான செஃபலெக்சினும் மூன்றாம் தலைமுறை மருந்தான செஃபிக்சிமும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைக் கொடுக்கத்தக்கவை அல்ல. இரண்டும் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுத்தே அதை அழிக்கின்றன. எந்தப் பாக்டீரியாவை அழிக்கின்றன என்பதில்தான் வேறுபாடு.

தோல் தொற்றுகளுக்குப் பெரும்பாலும் காரணமான ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகியவற்றின் மீது செஃபலெக்சின் நன்கு செயல்படும் (மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகை மட்டும் இதற்கும் கட்டுப்படாது). செஃபிக்சிமோ ஸ்டெஃபிலோகாக்கஸிடம் ஏறக்குறையத் தோற்றுவிடுகிறது. ஆகவே, தலைமுறை கூடக் கூட வீரியமும் கூடும் என்றெண்ணி, சீழ்பிடித்த புண்ணுக்குச் செஃபிக்சிமைக் கேட்டு வாங்குவது வீண் வேலை. டைஃபாய்டில் நிலைமை தலைகீழ்: அங்கே செஃபிக்சிம் பயன்படுகிறது, செஃபலெக்சின் உதவாது.

செஃபலெக்சினின் அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 1 மணி நேரமே என்பதால் அதை நாளொன்றுக்கு 2 முதல் 4 வேளை விழுங்க வேண்டியிருக்கிறது. செஃபிக்சிமுக்கு அது 3 முதல் 4 மணி நேரம் என்பதால், பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம் ஒரே வேளையாகவோ இரண்டாகப் பிரித்தோ தரப்படுகிறது.

பெனிசிலின் வகை மருந்தான ஆம்பிசிலினுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, அதே பக்கச் சங்கிலியை (மூலக்கூறின் பக்கவாட்டில் இணைந்திருக்கும் பகுதி) கொண்ட செஃபலெக்சினே கூடுதல் ஆபத்தானது. மருத்துவரிடம் அந்த ஒவ்வாமையை மறைக்கலாகாது. சளிக்காய்ச்சல் போன்ற வைரஸ் நோய்களுக்கு இரண்டுமே பயனற்றவை.