4எஸ்ஸா 6எஸ்ஸா: சிங்கப்பூர்த் திடலுக்கு எந்த ஃபோம் ஜெட்?

70 மில்லிமீட்டர் மின்விசிறி வைத்த, ரிமோட்டில் பறக்கும் ஃபோம் மாதிரி ஜெட்டை 4எஸ் (நான்கு செல்) பேட்டரியிலேயே பறக்கவிடுவதா, 6எஸ்ஸுக்கு (ஆறு செல்) மாற்றுவதா என்று கேட்பவர்கள் பாதி முடிவை எடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். “அண்ணே, 6எஸ் போட்டா எவ்வளவு வேகம் போகும்?” என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். எடை எவ்வளவு ஏறும் என்று கேட்பவர் அரிது. இந்தத் தீவில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஏ-4 ஸ்கைஹாக் என்ற அமெரிக்கத் தாக்குதல் விமானத்தை வைத்துக்கொள்கிறேன். நம் ஆகாயப்படை நெடுங்காலம் வைத்திருந்த விமானம். 1990களில் பிளாக் நைட்ஸ் சாகசக் குழு பறந்ததும் இதன் ஏ-4எஸ்யூ வடிவத்தில்தான். பயிற்சிக்கான இருக்கை இரண்டு கொண்ட வகையில் ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டு தனித்தனியாக இருக்கும். அந்த முகம் சிங்கப்பூருக்கே உரியது. இதை வடிவமைத்த எட் ஹைனமனுக்கு அமெரிக்கக் கடற்படை 30,000 பவுண்டு வரை இடம் கொடுத்தது. அவர் ஏறக்குறைய பாதி எடையில் முடித்துக் காட்டினார். 1954இல் பறந்த அந்த விமானத்தின் இறக்கை, கப்பலில் மடித்துவைக்கத் தேவைப்படாத அளவுக்குச் சிறியது. பிற்பாடு இங்கே ஜே65 இஞ்சினைக் கழற்றி எஃப்404 பொருத்தியபோதும் உந்துவிசை ஏறியது, இஞ்சின் எடை இறங்கியது. ஃபோமில் நாம் செய்யும் மாற்றம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகப் போகிறது.

கணக்கைப் பார்ப்போம். 2,600 எம்ஏஎச் 4எஸ் பேட்டரியோடு இந்த அளவு ஜெட் ஒன்று 1,300 கிராம் அளவில் நிற்கும். 6எஸ்ஸுக்குப் போனால் 3,000 எம்ஏஎச் பேட்டரி, கனமான மோட்டார், பெரிய இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) எல்லாம் சேர்ந்து 250 கிராம் ஏறி 1,550 ஆகிவிடும். இங்கே ஒரு கோடு குறுக்கிடுகிறது. 250 கிராமுக்கு மேற்பட்ட எந்த ஆளில்லா வானூர்தியையும் சிங்கப்பூரில் பதிவுசெய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1.5 கிலோவைத் தாண்டினால், பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவருக்கும் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி 2021 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. 4எஸ் ஜெட் கோட்டுக்கு இந்தப் பக்கம், 6எஸ் ஜெட் அந்தப் பக்கம். பயிற்சி எடுப்பது நல்லதுதான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மோட்டார் மாற்றுவதற்கு முன்னால் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

6எஸ்ஸால் கிடைப்பது என்ன? உந்துவிசையைத் தருவது விசிறி சுற்றும் வேகம். வோல்டேஜ் அதற்கு ஒரு வழி, அவ்வளவே. சுற்றுவேகத்தின் இருமடிப்பாக உந்துவிசை ஏறும். தேவைப்படும் மின்திறனோ மும்மடிப்பாக ஏறும். 4எஸ்ஸில் 65 ஆம்பியர் இழுத்து, 900 வாட் செலவில் 1.6 கிலோ உந்துவிசை தரும் விசிறியிடம் 2.2 கிலோ கேட்டால், அது 1,450 வாட் கேட்கும். மூன்றில் ஒரு பங்கு சொச்சம் கூடுதல் உந்துவிசைக்கு 60 சதவீதம் கூடுதல் மின்திறன். முழு வேகத்தில் பேட்டரி தாங்கும் நேரம் இரண்டிலும் இரண்டரை நிமிடத்தை ஒட்டியே நிற்கும். இன்னொன்று: 4எஸ்ஸுக்கான 3,000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3,000 சுற்று) மோட்டாரில் 6எஸ்ஸை நேரடியாகச் சொருகக்கூடாது. வோல்டேஜ் ஒன்றரை மடங்கு என்றால் சுமை மூன்று மடங்குக்கு மேல் போய், மோட்டாரும் இஎஸ்சியும் கருகிவிடும். 2,200 கேவி அளவில் வேறு மோட்டார் வேண்டும்.

பெட்டியில் அச்சிட்ட உந்துவிசை நமக்குக் கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 32 டிகிரி வெயிலில், ஈரம் கலந்த நம் காற்று, 15 டிகிரி காற்றைவிட 6 சதவீதமாவது லேசானது. விசிறிக்குப் பிடிக்கக் காற்று குறைவு. உந்துவிசையும் அதே அளவு குறையும்.

இறங்கும்போதுதான் எடை தன் விலையைக் கேட்கிறது. எடை 19 சதவீதம் ஏறினால் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காத வேகம், 9 சதவீதம் ஏறும். தரையைத் தொடும்போது இருக்கும் இயக்க ஆற்றல் 40 சதவீதத்துக்கு மேல் ஏறும். அது மூக்கு ஃபோமிலும் சக்கரத் தண்டிலும்தான் போய் இறங்கும். புரொபெல்லர் விமானத்தில் திராட்டிலைத் தள்ளினால் வால்மீது காற்று அடிக்கும். கட்டுப்பாடு உடனே திரும்பும். ஜெட்டில் அந்தக் காற்று குழல் வழியாகப் பின்னால் போய்விடுகிறது. வேகம் இல்லையென்றால் வால் பேசாது. அதனால் மெதுவாகப் பறக்கத் தெரிந்த ஜெட்டே நம் குறுகிய புல்திடல்களுக்கு ஏற்றது.

உயரமும் ஒரு கட்டுப்பாடு. அனுமதிச்சீட்டு இல்லாமல் கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. விமான நிலையம், விமானத்தளங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவும் கூடாது. சாங்கி, பாய லேபார், சிலேத்தார், செம்பவாங், தெங்கா என்று வட்டம் போட்டுப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு என்று தெரியும். அந்த 60 மீட்டருக்குள் ஒரு லூப் (செங்குத்தான முழு வட்டம்) அடிக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 5 ஜி (புவியீர்ப்பின் ஐந்து மடங்கு) இழுத்தால் லூப்பின் விட்டம் சுமார் 40 மீட்டர். 150 கிலோமீட்டரில் அதே இழுப்புக்கு 90 மீட்டரை நெருங்கிவிடும். 6எஸ் தரும் வேகத்தைச் செலவழிக்க நமக்கு வானம் இல்லை.

இன்னொரு பக்கம், பிளேடு விஷயத்தில் செலவழிக்கத் தயங்க மாட்டேன். ஐந்து பிளேடு விசிறி நிமிடத்துக்கு 36,000 சுற்றில் 3,000 ஹெர்ட்ஸில் கத்தும். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் வரம்பின் நடுவே அது விழுகிறது. பன்னிரண்டு பிளேடு போட்டால் அதே சுற்றில் 7,200 ஹெர்ட்ஸ். காதைக் குடையும் அந்தக் கீச்சல் போய், காற்று கிழிபடும் உறுமல் மேலே வரும். திடலுக்கு எதிரே வீவக அடுக்குமாடி புளோக் இருக்கும் ஊரில் இது பெரிய விஷயம். மின்னோட்டம் கொஞ்சம் கூடும் என்பதால், வாட் மீட்டர் வைத்து இஎஸ்சி தாங்குமா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

ஆனால் 4எஸ் ஜெட்டை உயிர்ப்பிக்கும் வேலை குழலுக்குள்தான் இருக்கிறது. காற்று வாயின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். கத்தி வெட்டு மாதிரி கூராக இருந்தால், நின்ற இடத்தில் காற்று அந்த விளிம்பைத் திரும்ப முடியாமல் பிய்த்துக்கொண்டு உள்ளே சுழலும். எறிந்து ஏற்றும் கணத்தில் உந்துவிசை குறைவது அதனால்தான். 240 நம்பர் உப்புத்தாளால் உட்பக்கமாக உருட்டித் தேய்த்து, பென்சில் தடிமன் வளைவு வரும்வரை கொண்டுவர வேண்டும். அடுத்து உட்சுவர். அச்சில் வார்த்த ஃபோம் மணிகளும் இணைப்புக் கோடும் விசிறிக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். தேய்த்துச் சமன்செய்து, வழவழப்பான டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். சர்வோ (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்) ஒயர் ஒன்றுகூடக் காற்றுப் பாதையில் தொங்கக்கூடாது.

பின்குழலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டினால் போதும். 70 மில்லிமீட்டர் விசிறியில் நடுக் குமிழைக் கழித்தால் காற்று போகும் பரப்பு சுமார் 31 சதுர சென்டிமீட்டர். வெளிவாயை அதில் 90 சதவீதத்துக்குக் குறுக்கினால் விட்டம் 60 மில்லிமீட்டர் வரும். அதற்கும் கீழே இறக்கினால் உச்ச வேகம் கொஞ்சம் கிடைக்கும், ஏறும் பலம் போகும். நமக்கு ஏறும் பலம்தான் வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து 20 கிராம்கூட ஏறாது. ஒயரை நீட்ட வேண்டியிருந்தால் மோட்டார் பக்கம் நீட்டுங்கள். பேட்டரி பக்கம் நீட்டினால் மின்னழுத்தத் துள்ளல் இஎஸ்சியின் கெப்பாசிட்டரைத் தின்றுவிடும். கனமான ஒயரும் கனெக்டரும் சிம் லிம் டவரில் கிடைக்கும்.

வாங்கிய ஈபிஓ (அச்சில் வார்த்த ஃபோம்) ஜெட்டே வேண்டாம், டெப்ரான் என்ற மெல்லிய ஃபோம் அட்டையில் நானே வெட்டிக் கட்டுகிறேன் என்பவர்களும் உண்டு. 64 மில்லிமீட்டர் விசிறியோடு 800 கிராமுக்குள் முடிக்கலாம். மெதுவாகப் பறப்பதில் அதை எதுவும் மிஞ்சாது. காற்றடித்தால் மட்டும் திணறும். சாதாரண சூப்பர் குளூ டெப்ரானைக் கரைத்துவிடும், யூஹூ போர் மாதிரிப் பசை வேண்டும். ஈபிஓவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பூட்டிய காருக்குள் மதிய வெயிலில் விட்டால் தோல் கொப்புளித்துவிடும்.

6எஸ் யாருக்கு என்றால், சான்றிதழ் கையில் இருப்பவருக்கு, தார்ப்பாதையில் சக்கரத்தில் ஏறி இறங்க இடம் கிடைத்தவருக்கு, 90 மில்லிமீட்டர் ஜெட்டுக்குப் போவதற்கு முன்னால் கை பழக நினைப்பவருக்கு. மற்றவர்கள் அந்தக் காசில் பன்னிரண்டு பிளேடு விசிறியும் இன்னொரு 4எஸ் பேட்டரியும் வாங்கலாம்.